"நடுவுல பேக்ஸ்பேஸ் அடிச்சியா?": டெர்மினலில் அழிக்காத அழிப்பு கீயைச் சரிசெய்வது

இரவு 11.30 மணிக்குப் போன். நைட் ஷிப்டில் இருக்கும் தம்பி.

"அக்கா, அட்மின் பாஸ்வேர்டு கரெக்டாத்தான் அடிக்கிறேன். உள்ளயே விடமாட்டேங்குது. இன்னொரு தடவை தப்பினா லாக் ஆயிடும்."

"நடுவுல பேக்ஸ்பேஸ் அடிச்சியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சர்வர் ரூம் ஏசி உறுமுவது மட்டும் கேட்டது. "ரெண்டு தடவையும் அடிச்சேன்க்கா."

"இந்தத் தடவை தப்பா அடிச்சா பேக்ஸ்பேஸ் பக்கமே போகாத. கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அமுக்கு, அடிச்சது மொத்தமா போயிடும். முதல்லேர்ந்து அடி."

உள்ளே போய்விட்டான். அவன் சீரியல் கேபிள் போட்டு, டெர்மினல் வழியாக, அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரை வழியாக, ஒரு பழைய சர்வரோடு பேசிக்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய பேக்ஸ்பேஸ், அழிப்பதற்குப் பதிலாக இன்னொரு எழுத்தாகப் பாஸ்வேர்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் பாஸ்வேர்டு தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது? தவறான பாஸ்வேர்டுகளை எண்ணிக் கணக்கைப் பூட்டும் பாம் ஃபெய்ல்லாக் போட்டிருக்கும் லினக்ஸில் வேறு எதுவும் மாற்றாவிட்டால் 3 தவறுக்கு 600 விநாடி பூட்டு. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தக் கோளாறுக்காக நல்ல கீபோர்டைத் தூக்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒரே ஒரு சோதனை: அதே கீயை நோட்பேடிலோ பிரவுசரிலோ தட்டிப் பாருங்கள். அங்கே அழித்தால் கீபோர்டின் மேல் தப்பில்லை.

இனி வரும் கட்டளைகளை அவனிடம் போனில் சொன்ன மாதிரியே ஒலியாக எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். டீ என்று நீட்டினால் டீக்கடை டீ, டி என்று குறுக்கினால் டில்லி டி. எண்களும் குறிகளும் இருக்கிறபடியே.

முதலுதவி

பாதி அடித்த கட்டளை திரையில் நிற்கிறது, பேக்ஸ்பேஸ் அடித்தால் ^எச் ^எச் என்று வால் நீள்கிறது. என்டர் தட்டிவிடாதீர்கள், அதுதான் முக்கியம். கன்ட்ரோல்-யூ வரியை அழிக்கும். கன்ட்ரோல்-டபிள்யூ கடைசிச் சொல்லை அழிக்கும். இரண்டும் கேட்காவிட்டால் கன்ட்ரோல்-சி அடித்துப் புது வரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றும் முயன்று பார்க்கலாம். பேக்ஸ்பேஸ் அடித்தால் ^? வருகிறதா? கன்ட்ரோல்-எச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அழிக்கும். புட்டி என்ற டெர்மினல் நிரலில் இருப்பவர்களுக்கு ஷிஃப்ட்டோடு பேக்ஸ்பேஸ் அடித்தாலே போதும், வழக்கமாக அனுப்புவதற்குப் பதில் மற்றதை அனுப்பும். அந்த இரவைக் கடத்த இது போதும். காலையில் மூலத்தைப் பார்க்கலாம்.

கீ என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

அழிப்பு கீக்குத் தானாக எதையும் அழிக்கத் தெரியாது. அது ஒரு எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவர் ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பார். வந்த எண் அதுவாக இருந்தால் அழிப்பார், இல்லையென்றால் வாங்கி வரியில் ஒட்டிவிடுவார். எனவே நமக்கு இரண்டே கேள்வி: எது போகிறது, எதை எதிர்பார்க்கிறார்கள்.

முதல் கேள்விக்கு ஷெல்லிலேயே, அதாவது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரலிலேயே, பதில் கிடைக்கும். கன்ட்ரோல்-வி அமுக்கி விடுங்கள். ஒன்றும் நடக்காது, பரவாயில்லை. அடுத்து பேக்ஸ்பேஸைத் தட்டுங்கள். "அடுத்து வருவதற்கு அர்த்தம் பார்க்காதே, அப்படியே காட்டு" என்று சொன்னதாகக் கணக்கு. திரையில் ^? வந்தால் போன எண் 127. ^எச் வந்தால் எண் 8. டெலீட் கீக்கும் இதையே செய்தால் பெரும்பாலும் ^[[3~ என்று நான்கைந்து குறிகள் வரிசையாக வரும்.

சில டெர்மினல்களில், குறிப்பாக விண்டோஸ் டெர்மினலில், கன்ட்ரோல்-வி என்றால் பேஸ்ட். அங்கே இது எடுபடாது. லினக்ஸில் கேபிடி தொகுப்போடு வரும் ஷோகீ இருக்கிறது:

ஷோகீ -ஏ

இதை ஓட்டிவிட்டு எந்தக் கீயைத் தட்டினாலும் அதன் எண்ணைப் பதின்மத்திலும் எண்மத்திலும் பதினறுமத்திலும் காட்டும். வெளியே வர கன்ட்ரோல்-டி.

மறுமுனை எதை எதிர்பார்க்கிறது

எஸ்டீடீஒய் -ஏ

வரும் குப்பைக் குவியலில் இரேஸ் = என்ற இடத்தை மட்டும் பாருங்கள். ^? அல்லது ^எச் இருக்கும். கீ அனுப்பியதும் இதுவும் ஒன்றாக இருந்தால் பேக்ஸ்பேஸ் கணக்கு நேர். வேறு வேறாக இருந்தால் நோய் பிடிபட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். பாஷ் ஷெல்லின் வரியில் எழுத்துகளைத் திருத்துவது ரீட்லைன் என்ற நூலகம். அது தாராள மனசுக்காரர்: 8 வந்தாலும் அழிக்கும், 127 வந்தாலும் அழிக்கும். அதனால் பாஷ் வரியில் எல்லாம் சரியாக நடக்கும். "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களும் சொல்வீர்கள். அட்மின் உரிமைக்காக சுடோ பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலும், ஸ்கிரிப்ட் ரீட் போட்டு உங்களிடம் பதில் கேட்கும் இடத்திலும், அடித்த வரியை அப்படியே திருப்பிக் காட்டும் கேட் என்ற கட்டளை வெறுமனே ஓடும் இடத்திலும் ரீட்லைன் இல்லை. அங்கே வரியைப் பார்த்துக்கொள்வது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம். அவர் எஸ்டீடீஒய்யில் எழுதியிருக்கும் ஒரே எண்ணைத்தான் மதிப்பார். ஆகவே சோதிக்கும்போது பாஷ் வரியில் சோதிக்காதீர்கள். கேட் என்று தட்டி என்டர் அடித்து, நாலு எழுத்து எழுதி, பேக்ஸ்பேஸ் அடித்துப் பாருங்கள். அங்கே அழிந்தால்தான் அழிகிறது என்று அர்த்தம். தம்பி மாட்டியதும் இப்படித்தான். உள்ளே போனபின் "இப்ப பேக்ஸ்பேஸ் நல்லா வேலை செய்யுதேக்கா" என்றான். கேட்டில் அடிக்கச் சொன்னேன். ^எச் ^எச்.

ஏன் இரண்டு எண்?

அவசரமாக இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நான் பிளஸ் டூ லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்தவள். அந்த மிஷினில் பேக்ஸ்பேஸ் கீ எதையும் அழிக்காது. வண்டியை ஒரு இடம் பின்னால் தள்ளும், அவ்வளவுதான். ஏற்கெனவே அடித்த எழுத்து தாளில் அப்படியே இருக்கும், அதன்மேல் இன்னொன்றை அடிக்கலாம். எழுத்துக்கு ஒரு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலின் 8ஆம் எண் இந்த வேலைக்குத்தான்: ஒரு இடம் பின்னால் போ. ஆங்கில அகரவரிசையில் எச் எட்டாவது எழுத்து, அதனால்தான் கன்ட்ரோல்-எச் அடித்தால் 8.

127 வேறு குடும்பம். அந்தக் காலத்து டெலிடைப் மிஷின்களில் செய்தியை முதலில் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுவைப்பார்கள். போட்ட துளையை அடைக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் இடங்களிலும் துளை போட முடியும். 127ஐ இரண்டடிமானத்தில் எழுதினால் ஏழும் 1. அதாவது ஏழு துளையும் போட்டாயிற்று, முன்பு அங்கே எந்த எழுத்து இருந்திருந்தாலும் அது போய்விட்டது. படிக்கும் மிஷின் அந்த வரிசையைக் கண்டால் தாண்டிப் போகும். உண்மையில் "அழி" என்று பொருள்படுவது இதுதான்.

டெக் நிறுவனத்தின் விடீ100 டெர்மினல் 1978இல் வந்தபோது அதில் இரண்டுக்கும் தனித்தனி கீ இருந்தது. பிறகு வந்தவர்கள் ஒரே கீயாக ஆக்கினார்கள், எது போக வேண்டும் என்பதில் மட்டும் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். டெலீட் கீயின் ^[[3~ அதே டெக்கின் 1983ஆம் ஆண்டு விடீ220இலிருந்து வருகிறது. அந்தக் கீபோர்டில் ரிமூவ் என்ற கீ அனுப்பியது இது. பழைய யூனிக்ஸில் இன்னும் கொடுமை, எழுத்தை அழிக்க # குறி, முழு வரியை அழிக்க @ குறி. மின்னஞ்சல் முகவரி அடிக்க முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைய லினக்ஸில் வழக்கம் ஒன்றுதான்: பேக்ஸ்பேஸ் 127, டெலீட் ^[[3~. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் கொள்கை ஆவணத்தில் பேக்ஸ்பேஸ் இடப்பக்கத்து எழுத்தையும் டெலீட் வலப்பக்கத்து எழுத்தையும் அழிக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கோளாறு வந்தால் இந்த வழக்கத்துக்கு இரண்டு பக்கத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் பழக்கம். 8இல் ஒத்துப்போக வைத்தாலும் ஓடும், ஆனால் ஈமேக்ஸ் எடிட்டர் பயன்படுத்துபவர் உங்களைத் திட்டுவார். அவருக்குக் கன்ட்ரோல்-எச் என்றால் உதவிப் பக்கம்.

எந்தப் பக்கத்தைத் திருத்துவது

முதலில் உங்கள் பக்கம், அதாவது டெர்மினல். கீ 8 அனுப்புகிறது என்றால் இங்கேயே மாற்றுங்கள்.

புட்டியில் இடது பட்டியலில் டெர்மினல், அதன் கீழ் கீபோர்டு. பேக்ஸ்பேஸ் கீ என்ற தலைப்பில் கன்ட்ரோல்-எச், கன்ட்ரோல்-? (127) என்று இரண்டு வட்டம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மறக்காமல் செஷன் பக்கத்துக்குத் திரும்பி சேவ் அடியுங்கள். சேவ் அடிக்காமல் மறுநாள் "திரும்பவும் வந்துடுச்சு" என்று போன் செய்பவர்கள் பட்டியலில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

க்னோம் டெர்மினலில் ப்ரொஃபைல் அமைப்புகளில் கம்பேட்டிபிலிட்டி என்ற தாவல். பேக்ஸ்பேஸ் எதை உண்டாக்க வேண்டும், டெலீட் எதை உண்டாக்க வேண்டும் என்று இரண்டு பெட்டி இருக்கும். யாரோ எதையோ நோண்டியிருந்தால் கீழே உள்ள ரீசெட் பொத்தானை அமுக்கினாலே பழைய நிலைக்கு வந்துவிடும்.

மேக்கில் டெலீட் என்று எழுதியிருக்கும் கீ நம் பேக்ஸ்பேஸ்தான். வலப்பக்கம் அழிக்க எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்க வேண்டும். டெர்மினல் அமைப்புகளில் ப்ரொஃபைல், அட்வான்ஸ்டு போனால் "டெலீட் கன்ட்ரோல்-எச் அனுப்பட்டும்" என்ற டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

தம்பி வைத்திருந்தது மினிகாம், சீரியல் கேபிளுக்கான டெர்மினல் நிரல். கன்ட்ரோல்-ஏ, அப்புறம் டீ. வரும் மெனுவில் பேக்ஸ்பேஸ் கீ எதை அனுப்ப வேண்டும் என்ற வரி. அந்த லேப்டாப்பில் பிஎஸ் என்று இருந்தது, டிஇஎல் என்று மாற்றச் சொன்னேன். அரை நிமிட வேலை.

சீரியலில் மட்டும் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது? நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்எச் போட்டு நுழையும்போது உங்கள் டெர்மினலின் அழிப்பு எண்ணும் கூடவே சர்வருக்குப் போகிறது. அது அங்கே அதையே வைத்துக்கொள்ளும். சீரியல் கேபிளில் அப்படிச் சொல்லி அனுப்ப வழியே இல்லை. மறுமுனை தன் வழக்கப்படி 127 வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் எஸ்எஸ்எச்சிலும் கோளாறு வந்தால்? பெரும்பாலும் யாரோ புண்ணியவான் பத்து வருடம் முன்னால் சர்வரின் ப்ரொஃபைல் கோப்பில் எழுதிவைத்த ஒரு வரி. நீங்கள் சரியான எண்ணோடு நுழைவீர்கள், அந்த வரி அதை மாற்றிவிடும். தேடிப் பாருங்கள்:

க்ரெப் -ஆர் எஸ்டீடீஒய் /இடீசி/ப்ரொஃபைல் /இடீசி/ப்ரொஃபைல்.டி ~/.பாஷ்ஆர்சி ~/.ப்ரொஃபைல்

கிடைத்தால் உடனே அழித்துவிடாமல், அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு # போட்டு ஓடாமல் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள்.

உங்கள் பக்கத்தை மாற்ற முடியாத இடத்தில்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். அங்கே:

எஸ்டீடீஒய் இரேஸ் '^?'

மேல்நோக்கிய குறியும் கேள்விக்குறியும் தனித்தனி எழுத்தாக, மேற்கோளுக்குள். எண் எதுவென்று யோசிக்கவே விருப்பமில்லையா? எஸ்டீடீஒய் இரேஸ் வரை அடித்து ஒரு இடம் விட்டு, கன்ட்ரோல்-வி, அடுத்து உங்கள் பேக்ஸ்பேஸ் கீயையே ஒருமுறை தட்டி என்டர் அடியுங்கள். "இது எதை அனுப்புகிறதோ அதுதான் அழிப்பு" என்றாகிவிடும். இது அந்த அமர்வுக்கு மட்டும். வெளியே வந்தால் போய்விடும்.

அதை நிரந்தரமாக்க, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுத எல்லோருக்கும் கை பரபரக்கும். எழுதுவதானால் இப்படி:

[ -டீ 0 ] && எஸ்டீடீஒய் இரேஸ் '^?'

முன்னால் இருக்கும் அந்தச் சதுர அடைப்பு, "உட்கார்ந்து தட்டுகிற ஆள் இருக்கிறாரா" என்று கேட்கும் கேள்வி. நான் ஒருமுறை அது இல்லாமல் எழுதினேன். மறுநாளிலிருந்து இரவு பேக்கப்புக்காகக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடும்போதெல்லாம், டெர்மினல் இல்லாத இடத்தில் எஸ்டீடீஒய் ஓடி, "இந்தச் சாதனத்துக்கு இது பொருந்தாது" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியைத் துப்பியது. கோப்புகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் என் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் பேக்கப் தோல்வி என்று மெயில் அனுப்பும்படி நானே எழுதியது. ஒன்பது நாள் தோல்வி மெயில்கள். எதனால் என்று தெரிவதற்குள் ஒரு நல்ல டிஸ்க்கை மாற்றிவிட்டேன்.

டெலீட் அடித்தால் ~ வருகிறது

இது வேறு வியாதி. எஸ்டீடீஒய்க்கு இதில் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் அதற்கு ஒற்றை எண்தான் புரியும். டெலீட் அனுப்புவதோ நான்கு: எஸ்கேப், [, 3, ~. ஷெல்லுக்கு இந்த வரிசை தெரியவில்லை என்றால் முதல் மூன்றையும் ஏதோ ஒன்றின் தொடக்கம் என்று விழுங்கிவிட்டு, மீதி ~ ஒன்றை வரியில் எழுதும். அந்த அலை வளைவு, மென்றது போக மிஞ்சிய சக்கை.

பாஷில் இப்போதெல்லாம் இது தானாகவே சரியாக இருக்கும். இல்லையென்றால் வீட்டு அடைவில் டாட் இன்புட்ஆர்சி (.இன்புட்ஆர்சி) என்ற கோப்பில் ஒரு வரி:

"\இ[3~": டெலீட்-சார்

எழுதி முடித்ததும் வெளியே போய் வர வேண்டாம். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அடித்தால் பாஷ் கோப்பைத் திரும்பப் படிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கென்று இன்புட்ஆர்சி இல்லாதவரை ரீட்லைன் /இடீசி/இன்புட்ஆர்சியைப் படிக்கும். நீங்கள் ஒன்று உண்டாக்கிய அந்த நிமிடமே பொதுக் கோப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடும். டெலீட் சரியாகும், ஹோமும் எண்டும் படுத்துவிடும். எனவே உங்கள் கோப்பின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்:

$இன்க்ளூட் /இடீசி/இன்புட்ஆர்சி

பாஷுக்குப் பதில் இசட்எஸ்எச் என்ற ஷெல் வைத்திருப்பவர்கள் இன்புட்ஆர்சியில் எத்தனை வரி எழுதினாலும் பயனில்லை, அது அந்தக் கோப்பைப் படிக்காது. அவர்கள் இசட்எஸ்எச்ஆர்சியில் எழுத வேண்டியது:

பைண்ட்கீ '^[[3~' டெலீட்-சார்

இரண்டிலும் மேற்கோளுக்குள் இருப்பது நீங்கள் கன்ட்ரோல்-வி போட்டு உங்கள் கண்ணால் பார்த்த வரிசையாக இருக்க வேண்டும் (இன்புட்ஆர்சியில் மட்டும் தொடக்கத்து ^[ என்பதை \இ என்று எழுத வேண்டும்). என்னுடையதைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் டெர்மினல் வேறு ஏதாவது அனுப்பலாம்.

இசட்எஸ்எச்சில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பேக்ஸ்பேஸ் நாலு எழுத்தை ஒழுங்காக அழிக்கும், அதற்குமேல் இடித்துவைத்த மாதிரி நிற்கும். இது விஐ எடிட்டரைப் போல நடக்கும் விஐ முறையின் குணம்: கடைசியாக எங்கே எழுதத் தொடங்கினீர்களோ அதற்கு இடப்பக்கம் போகாது. "நான் விஐ முறையே போடலையே" என்பீர்கள். எடிட்டர் மாறியில் விம் என்று வைத்திருக்கிறீர்களா? அந்தப் பெயருக்குள் விஐ என்ற எழுத்துகள் இருப்பதைக் கண்டாலே இசட்எஸ்எச் தானாக விஐ முறைக்குப் போய்விடும். பைண்ட்கீ -இ என்று ஒரு வரி எழுதினால் சாதாரண முறைக்குத் திரும்பும். விஐ முறையே வேண்டும் என்றால்:

பைண்ட்கீ '^?' பேக்வர்டு-டெலீட்-சார்

அழிகிறது, ஆனால் திரை பொய் சொல்கிறது

பேக்ஸ்பேஸ் அடித்தால் கர்சர் பின்னால் போகாமல் வலப்பக்கம் ஒவ்வொரு இடமாக நகர்கிறது. என்டர் அடித்தால் கட்டளை சரியாகவே ஓடுகிறது. அப்படியானால் அழிப்பது நடக்கிறது, வரைவதுதான் தப்பு. புதிதாக வந்த டெர்மினல் எமுலேட்டர்களில் இருந்து பழைய சர்வருக்குள் போகும்போது இது சகஜம். உங்கள் டெர்மினல் தன் பெயரை டெர்ம் என்ற மாறியில் சொல்லும், இந்த மாறி மட்டும் பெரிய எழுத்து. சர்வரின் டெர்ம்இன்ஃபோ பட்டியலில் அந்தப் பெயர் இல்லையென்றால் கர்சரை எப்படிப் பின்னால் தள்ளுவது என்றே அதற்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் செய்து டெர்ம்=எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வைத்தால் அப்போதைக்குச் சரியாகும். முறையாகச் செய்வதென்றால் உங்கள் மெஷினில் இருக்கும் விவரத்தையே அங்கே அனுப்பிவையுங்கள்:

இன்ஃபோசிஎம்பி -எக்ஸ் | எஸ்எஸ்எச் சர்வர்பெயர் டிக் -எக்ஸ் -

டிக் என்பது டீ-ஐ-சி. கடைசியில் தனியாக நிற்கும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

நீளமான கட்டளைகளில் மட்டும் பாதி எழுத்து அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பாஷின் ப்ராம்ப்ட்டை, அதாவது கட்டளைக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை, பாருங்கள். வண்ணக் குறியீடுகளை \[ \] என்ற இரண்டுக்கும் நடுவில் வைக்காவிட்டால், பாஷ் அவற்றையும் எழுத்தாக எண்ணிக் கணக்கைத் தவற விடும். கன்ட்ரோல்-எல் அடித்தால் திரை புதிதாகி உண்மை தெரியும்.

தமிழில் அடிக்கும்போது

நம்மவர்களுக்கு மட்டுமே தெரியவரும் கோளாறு இது, ஆங்கிலத்தில் தட்டுபவர்கள் காலத்துக்கும் பார்க்க மாட்டார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடீஎஃப்-8 முறையில் க என்ற ஒரு எழுத்து மூன்று பைட். எண்மத்தில் 340 256 225. கர்னல் வரியைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ஐயூடீஎஃப்8 என்ற அமைப்பு இறங்கியிருந்தால், அதாவது அணைந்திருந்தால், பேக்ஸ்பேஸ் ஒன்றுக்கு ஒரு பைட்தான் போகும். ஓடி -சி என்ற கட்டளையை ஓட்டி, க அடித்து, ஒரு பேக்ஸ்பேஸ், என்டர், கன்ட்ரோல்-டி. திரையில் க அழிந்த மாதிரியே தெரிந்திருக்கும். ஆனால் வெளிவருவதில் 340 256 என்று வாலறுந்த இரண்டு பைட் உட்கார்ந்திருக்கும். இப்படி அழித்து அழித்து எழுதிய பெயர் டேட்டாபேஸுக்குப் போனால் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வரும், யாரோ ஃபாண்ட் சரியில்லை என்பார்கள்.

எஸ்டீடீஒய் -ஏ காட்டுவதில் ஐயூடீஎஃப்8க்கு முன்னால் ஒரு - இருந்தால் இறங்கியிருக்கிறது. ஏற்ற:

எஸ்டீடீஒய் ஐயூடீஎஃப்8

லினக்ஸ் கர்னலில் இது 2.6.4 முதலே இருக்கிறது. எஸ்எஸ்எச் இதையும் சேர்த்து அனுப்பக் கற்றுக்கொண்டது 2016இல், ஓப்பன்எஸ்எஸ்எச் 7.3இல். அதற்கு முந்தைய சர்வர் என்றால் கையால்தான் ஏற்ற வேண்டும்.

ஏற்றிய பிறகும் கி என்பதை அழிக்க கர்னலிடம் இரண்டு தட்டு ஆகும், முதலில் கொக்கி, அப்புறம் க. ஸ்ரீ என்றால் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு தட்டு. அது கோளாறு இல்லை. ஆனால் யூனிகோட் கணக்கில் புள்ளியும் ீ குறியும் தனி இடம் பிடிக்காத வகை, ா, ி, ு போன்றவை இடம் பிடிக்கும் வகை. ஷெல் எண்ணுவதும் டெர்மினல் வரைவதும் ஒத்துப்போகாமல் கர்சர் எழுத்துக்கு நடுவில் போய் நிற்கும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை முதல் எழுத்தோடு விட்டு டேப் அடித்து முடித்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே போய்விட்ட ^எச்

கீயைச் சரிசெய்துவிட்டீர்கள். ஆனால் கோளாறாக இருந்த நாட்களில் எங்காவது அது கோப்புப் பெயருக்குள் புகுந்திருக்கலாம். தம்பியின் சர்வரில் மாதப் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரில் ஒரு அடைவு உண்டாக்கி, பில் பேக்கப்பை அதில் வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று. ரீட் போட்டுக் கேட்பது, எனவே கர்னல் வழி. பட்டியலைப் பார்த்தால் மார்ச் இருந்தது, சிடி போட்டால் அப்படி ஒன்று இல்லை என்றது.

எல்எஸ் | கேட் -வி

இதை ஓட்டியதும் நடுவில் ஒரு ^எச் தெரிந்தது. எழுத்தாகத் தட்டிப் பிடிக்க முடியாத பெயரை எண்ணால் பிடிக்க வேண்டும். எல்எஸ் -ஐ போட்டால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் ஐநோட் எண், அதாவது டிஸ்க்கில் அதற்கான அடையாள எண், வரும். அவனுக்கு வந்தது 263412. முதலில் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க:

ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் 263412

ஒரே ஒரு வரி வந்தால், அதே கட்டளையின் வாலில் இதைச் சேர்த்து:

-எக்ஸெக் எம்வி {} மார்ச் \;

கடைசி அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ள சாய்கோட்டை அவன் விட்டுவிட்டான், இரண்டாம் தடவை ஓடியது. மணி 12.40. "அக்கா, ஜூன்லயும் ஒண்ணு இருக்கு" என்றான். அதை நீயே பண்ணு என்று சொல்லிப் போனை வைத்தேன்.